பன்னிரண்டு பூனைக்கண்

மதிப்பிற்குரிய வாசகர்களே, முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு வயது பன்னிரண்டு. கதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இதுவரை நான் எழுதியவை பள்ளிக் கட்டுரைகள் மட்டுமே. அவற்றின் ஓரத்திலும் ஆசிரியர் சிவப்பு மையில், “பணிவு போதும், விஷயத்துக்கு வா” என்று எழுதிவிடுவார்.

ஆயினும் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததை யாராவது எழுதத்தான் வேண்டும். என் தங்கை ஸ்டெஃபனி எழுதினால் பழி முழுவதும் என்மேல் விழும். ஆகவே, தயக்கத்துடன் நானே எழுதுகிறேன்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“எழுதறதா இருந்தா என்னென்ன போச்சுன்னும் எழுதணும், கிறிஸ்டல். ஒன்னையும் மறைக்கக் கூடாது.”

அந்தக் கணக்கைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் ஆயர் ஈத்தாமில், ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் குடியிருக்கிறோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொடிமலை தெரியும். மழை நாள்களில் மலையிலிருந்து மூடுபனி இறங்கி வரும். முதலில் எதிர்க் கட்டடம் மறையும். பிறகு கீழே நிற்கும் கார்கள் மறையும். அதன்பின் எங்கள் ஜன்னல் மட்டும் ஆகாயத்தில் தனியாக மிதப்பதுபோல் இருக்கும்.

எங்களுக்கு அடுத்த வீடு காலியாக இருந்தது. அங்கிருந்த நல்லம்மாள் ஆன்ட்டி, பாகான் டாலாமில் உள்ள மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திவிட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்துச் சென்றிருந்தார். அந்தச் சாவி எங்கள் வாசலருகே ஓர் ஆணியில் தொங்கியது. அந்த வீட்டைத் தாண்டும்போது நான் சற்று வேகமாக நடப்பேன். ஓடுவேன் என்று ஸ்டெஃபனி சொல்வாள். அது உண்மையன்று.

இனி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது தொலைக்காட்சியில் ‘ஆவி ஐயா வீட்டு விருந்து’ என்றொரு நகைச்சுவைத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஆவி ஐயா ஒரு பேய்; மிகவும் மரியாதையான பேய். பாழடைந்த வீட்டில் விதவிதமாகச் சமைத்துவிட்டு, சாப்பிட யாராவது வருவார்களா என்று வாசலில் காத்திருப்பார். வருகிறவர்கள் அவரைக் கண்டதும் ஓடிவிடுவார்கள்.

ஒரு வாரம் அவர் நீலநிறப் புட்டு அவித்தார். புட்டுக் குழலின் மூடி டக டகவென்று ஆடி வெண்புகை எழுந்ததும், “ஆவி வந்துவிட்டது! விருந்தாளி எங்கே?” என்று கேட்டார். நீராவியும் ஆவி, அவரும் ஆவி. அதுதான் வேடிக்கை. பிறகு அந்த நீலப் புட்டின்மேல் பன்னிரண்டு கண்களைப் பதித்தார். “பன்னிரண்டு பூனைக்கண்!” என்று அவர் கூவியதும் எங்கிருந்தோ ஒரு பூனை ‘மியாவ்’ என்றது. ஸ்டெஃபனி சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஆறாவது பிறந்தநாள். அந்தப் புட்டைச் செய்து அவளை வியப்பில் ஆழ்த்துவது என்று நான் முடிவு செய்தேன்.

நீலநிறத்துக்குச் சங்குப்பூ போதும். கார் நிறுத்துமிடத்து வேலியில் நிறைய பூத்திருக்கும். சுடுநீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கிவிடும். கண்களுக்கும் வழியிருந்தது. எங்கள் ஊரில் ‘மாத்தா கூச்சிங்’ என்றொரு பழம் உண்டு. மலாய் மொழியில் அதற்குப் பூனைக்கண் என்று பொருள். தோலை உரித்தால் கண்ணாடிபோன்ற சதையும் உள்ளே ஒரு கறுப்பு விதையும் இருக்கும். தட்டில் வைத்தால் அது உங்களையே பார்க்கும்.

வியாழக்கிழமை மாலை என் தோழி ஃபாத்தினுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். அவளுடைய அத்தா ஆயர் ஈத்தாம் சந்தையில் பழக்கடை வைத்திருக்கிறார். ஆவி ஐயாவைப்போலவே நானும் அந்தப் பழத்தின் பெயரைத் தமிழில் சொன்னேன்.

“ஃபாத்தின், பூனைக்கண் பன்னிரண்டு வேணும்லா... என்னாது, கிடைக்காதா? ஏன், உங்க வீட்டுல ரெண்டாவது இருக்கும்ல? அத மொதல்ல கொண்டா... ஆமா, கத்தி இருக்கு. நல்லா கூரா இருக்கு. உரிச்சா அப்படியே முழிச்சிப் பாக்கும்லா! ஸ்டெஃபனிகிட்ட மட்டும் சொல்லிடாத.”

நான் தொலைபேசியை வைத்தபோது, அறைவாசலில் திரைச்சீலை மெல்ல அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். அன்று காற்றே இல்லை.

மறுநாள் பள்ளியில் ஃபாத்தினின் கண்கள் சிவந்திருந்தன.

“துவான காணோம்லா. நேத்து ராத்திரிலருந்து.”

துவான் அவளுடைய பூனை. மலாயில் அந்தப் பெயருக்கு ‘ஐயா’ என்று பொருள். மஞ்சள் நிறம், பெரிய தலை. மாடிப்படியில் ஓர் அதிகாரியைப்போல் நடந்து வருவான். நாங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

“எங்கேயாவது சுத்திட்டு வந்துடுவான்லா” என்றேன்.

“வரமாட்டான். அவனுக்கு அவிச்ச மீன்தான் சாப்பாடு. சட்டி மூடி ஆடற சத்தம் கேட்டாப் போதும், எங்க இருந்தாலும் கத்திக்கிட்டே ஓடி வருவான். நேத்து எவ்வளவு நேரம் மூடி ஆடுச்சு தெரியுமா? அவன் வரல.”

அவள் அழுதாள். அவ்வளவு துக்கத்திலும் தன் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

“நீ கேட்டதுதான். பன்னிரண்டு இருக்கு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளி விட்டதும் இருவரும் எல்லா மாடிகளிலும் “துவான், துவான்” என்று கூப்பிட்டுத் தேடினோம். அவன் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியபோது இன்னும் சில பொருள்களும் காணாமல் போயிருந்தன.

அம்மாவின் காய்கறிக் கத்தியைக் காணவில்லை. ஒரு சிறு தட்டையும் காணவில்லை. காலையில் நிறைந்திருந்த பால் பெட்டியில் பாதிதான் இருந்தது.

“யாரு எடுத்தா?” என்று அம்மா கேட்டார்.

நான் எடுக்கவில்லை. ஸ்டெஃபனி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஒத்திகையாகக் கொஞ்சம் புட்டு அவித்துப் பார்த்தோம். அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்தார். வெளியே தூறல். சற்று நேரத்தில் குழலின் மூடி ஆடத் தொடங்கியது. டக, டக, டக.

அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ஓர் அழுகை கேட்டது.

மெல்லியதாக, நீண்டதாக, பசித்த குழந்தை அழுவதுபோல் இருந்தது. சுவருக்கு அப்பால் நல்லம்மாள் ஆன்ட்டியின் காலி வீடுதான் இருக்கிறது.

நான் மூடியைத் தூக்கினேன். டக டக நின்றது. அழுகையும் நின்றது.

மூடியை வைத்தேன். டக, டக. அழுகை மீண்டும் எழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். கதவருகே ஸ்டெஃபனி நின்றிருந்தாள். அவள் முகம் அரிசி மாவைப்போல் வெளுத்திருந்தது.

“ஆவி வந்திருச்சா, அக்கா?”

“வந்திருச்சு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அடுப்ப நிறுத்தச் சொல்லு. விருந்தாளி வேணாம்.”

அன்றிரவு அவள் என் பக்கத்தில் படுக்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டாள். பயந்த பிள்ளை அக்காவை அல்லவா தேட வேண்டும்? அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை அப்பா பாயான் பாருவில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தார். பகல் மூன்றரை மணிக்கே வானம் இருண்டது. மூடுபனி இறங்கி எதிர்க் கட்டடத்தை விழுங்கியது. மழையும் தொடங்கியது. மறுநாள் பிறந்தநாள், புட்டு சரியாக வருகிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும். மாவைப் பிசிறும்போது பாத்திரம் கை தவறியது. பாதி மாவு தரையில் கொட்டியது.

“தேங்காய்ப்பூ பத்தாதே” என்றார் அம்மா. “கீழ கடைக்குப் போயிட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன். அடுப்புல இந்த ஒரு குழல் வேகட்டும். நீ நெருப்பத் தொடாத. தங்கச்சியப் பாத்துக்க.”

அம்மா கீழே போய்ச் சேர்ந்திருப்பார். அப்போது பெரிய இடி ஒன்று இடித்தது. மின்விசிறி மெதுவாகச் சுழன்று நின்றது. விளக்கு அணைந்தது. வெளியே மின்தூக்கியின் முனகலும் ஓய்ந்தது. எரிவாயு அடுப்பின் நீலச் சுடர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“ஸ்டெஃபனி!”

படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசற்கதவு ஒருக்களித்துக் கிடந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன்.

இருண்ட நடைபாதையில் வெள்ளைக் காலடிகள் தெரிந்தன. மிகச் சிறியவை, ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்தவை. அவை எங்கள் வாசலில் தொடங்கி, நல்லம்மாள் ஆன்ட்டியின் கதவுவரை சென்றன. திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை.

ஆணியைப் பார்த்தேன். சாவி இல்லை.

சமையலறையில் மூடி ஆடத் தொடங்கியது. டக, டக, டக. அழுகையும் எழுந்தது. ஆனால் இம்முறை அது சுவருக்குப் பின்னாலிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஏழாவது மாடியின் வெட்டவெளியிலிருந்து, மூடுபனிக்குள்ளிருந்து வந்தது.

நான் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன். “தந்தை, மகன்...” என்பதுவரை உரக்கச் சொன்னேன். அடுத்து ‘தூய ஆவியார்’ என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எந்த ஆவியையும் உரக்க அழைக்க எனக்குத் துணிவில்லை. மனத்துக்குள் சொல்லி முடித்தேன். ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த மாவுக் காலடிகளில் இடது சுண்டுவிரல் மட்டும் சற்று விலகியிருந்தது. ஸ்டெஃபனியின் விரல் அப்படித்தான் இருக்கும். உள்ளே எது இருந்தாலும் அவளும் அங்கேதான் இருந்தாள்.

கதவைத் தள்ளினேன்.

உள்ளே அரையிருட்டு. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், வரிசையாக உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளைப்போல் காத்திருந்தன. தரையில் எங்கள் வீட்டுத் தட்டு. அதில் கொஞ்சம் பால். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

மூன்றாவது விருந்தாளி எழுந்து நின்றது.

நான் அலறினேன். அதுவும் அலறியது.

“கிட்ட வராத அக்கா! கண்ண எடுக்காத!”

துணிக்குள்ளிருந்து ஸ்டெஃபனியின் தலை வெளியே வந்தது. கன்னம் முழுவதும் கண்ணீர்.

“எந்தக் கண்ண?”

“துவான் கண்ண! நீதான் ஃபாத்தின் அக்காகிட்ட சொன்ன. பூனைக்கண் பன்னிரண்டு வேணும், உங்க வீட்டுல ரெண்டு இருக்கும்னு சொன்ன. கத்தி கூரா இருக்குன்னு சொன்ன. என்கிட்ட சொல்லாதன்னும் சொன்ன!”

வாசகர்களே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அதனாலதான் துவான இங்க ஒளிச்சு வச்சியா?”

அவள் தலையசைத்தாள்.

“கத்தி?”

“குப்பைல போட்டுட்டேன்.”

“இந்த இருட்டு வீட்டுக்குத் தனியா வந்து பால் வச்சியா? உனக்குப் பயமா இல்லையா?”

“இங்க ஒன்னும் பயமில்ல” என்று விசும்பினாள். “உன்னப் பாத்துதான் பயம்.”

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் ஒரு பேய் இருந்தது. அது நான்தான்.

நான் அவளைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, வெறுங்கை என்று காட்டினேன்.

“பாப்பா, அது பழம். சத்தியமா பழம். வீட்டுல காட்டறேன். யாரும் துவானத் தொடமாட்டாங்க. இப்ப அவன் எங்க?”

அவள் சமையலறை ஜன்னலைக் காட்டினாள். அதில் ஒரு கண்ணாடிப் பட்டை விழுந்து, இடைவெளி இருந்தது.

“இடி இடிச்சதும் ஓடிட்டான். கூப்பிட்டேன், இன்னும் தூரமாப் போயிட்டான்.”

எட்டிப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் சிமெண்டு விளிம்பு ஒன்று, எங்கள் ஜன்னல்வரை செல்கிறது. அதன் நடுவில் துவான் ஒட்டிக்கொண்டிருந்தான். முழுவதும் நனைந்து பாதி உருவமாகச் சுருங்கியிருந்தான். அவனுக்குக் கீழே தரை இல்லை. வெண்ணிற மூடுபனி மட்டுமே இருந்தது.

ஸ்டெஃபனி கையை நீட்டப் போனாள். அவன் ஓர் அடி பின்வாங்கினான். பின்னங்கால் ஒன்று வழுக்கி, மீண்டும் பிடித்துக்கொண்டது.

“கூப்பிடாத” என்று கிசுகிசுத்தேன். “கைய உள்ள எடு.”

அம்மா வர நேரமாகும், மின்தூக்கி நின்றுவிட்டது. கத்தினால் அவன் பயப்படுவான். கை நீட்டினால் விழுவான். அவன் தானாக வர வேண்டும். அதை நினைத்ததும், இரண்டு நாளாக என்னை நடுங்கவைத்த அந்த அழுகை எனக்குப் புரிந்துவிட்டது. டக டக என்றால் அவனுக்குச் சாப்பாடு. பசித்தவன் சாப்பாடு கேட்டிருக்கிறான். நானோ மூடியைத் தூக்கிச் சத்தத்தை நிறுத்தியிருக்கிறேன்.

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கு ஓடினேன். நெருப்பைத் தொடவில்லை, அம்மாவிடம் கொடுத்த வாக்கு. தடித்த துணியால் குழலின் மூடியைத் தூக்கினேன். நீலப் புட்டின்மேல் ஒரு கைப்பிடி நெத்திலியைப் போட்டு மூடினேன். ஜன்னலை முழுவதும் திறந்தேன்.

இருவரும் மேசைக்கடியில் உட்கார்ந்தோம்.

டக. டக. டக. டக.

மீன்வாசத்தோடு ஆவி எழுந்தது. ஜன்னல் கம்பிகளுக்கிடையே வளைந்து வளைந்து வெளியேறி மூடுபனியோடு கலந்தது. எது ஆவி, எது பனி என்று தெரியவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. நேரம் போகவேயில்லை.

ஸ்டெஃபனி என் காதருகே மெல்லக் கேட்டாள்:

“ஆவி வந்திருச்சு. விருந்தாளி எங்க?”

வெண்மைக்குள் முதலில் இரண்டு பச்சைக் கண்கள் தெரிந்தன. உடல் இல்லை, கண்கள் மட்டும். அவை மேலே எழுந்தன, நின்றன, எங்களைப் பார்த்தன. பிறகு ஒரு நனைந்த மஞ்சள் தலை கம்பிக்குள் நுழைந்தது.

நாங்கள் மூச்சுவிடவில்லை.

துவான் உள்ளே குதித்தான். சங்குப்பூ நீர் இருந்த கிண்ணத்தின்மேல்தான் குதித்தான். நீலம் என்மேல் கொட்டியது. கண்ணாடிக் கிண்ணம் உருண்டு உடைந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு பொட்டலத்தை எடுத்துவந்து ஒரு பழத்தை உரித்து ஸ்டெஃபனியிடம் நீட்டினேன்.

“இதுதான் பூனைக்கண்.”

அவள் முகர்ந்தாள், நக்கினாள், வாயில் போட்டாள். அவள் புருவம் சுருங்கியது.

“இது மாத்தா கூச்சிங்தானே!”

“ஆமா.”

“அப்ப மாத்தா கூச்சிங்னு ஒழுங்காத் தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே, அக்கா!”

ஏழு மாடி ஏறி வந்த அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் தேங்காய்ப்பூ. எதிரே நீல நிறத்தில் நான், நெத்திலி தின்னும் பூனை, வாய் நிறையப் பழத்துடன் ஸ்டெஃபனி.

“பத்தே நிமிஷம்தான் போனேன்” என்றார் அம்மா.

நான் தொலைபேசியில் சொன்னதும் ஃபாத்தின் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். துவானை, அம்மா துவட்டிவிட்ட துணியோடு அள்ளி மார்பில் அணைத்துக்கொண்டாள். ஸ்டெஃபனி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“இவதான் ரெண்டு நாளா அவனுக்குப் பால் ஊத்திப் பாத்துக்கிட்டா” என்றேன். “என் வாயாலதான் வந்த வினை, ஃபாத்தின். மன்னிச்சிக்க.” நடந்தது முழுவதையும் சொன்னேன்.

ஃபாத்தினுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல் வந்தது.

“பன்னிரண்டு கண்ணுன்னா ஆறு பூனை வேணுமேலா! மீதி அஞ்சு பூனைய எங்க ஒளிச்சி வச்சே, ஸ்டெஃபனி?”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு குரல் வந்தது. “தேடுனேன். கிடைக்கல.”

ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்வந்து, மீன்வாசம் போகக் குழலை மூன்றுமுறை கழுவி, புதிதாகப் புட்டு அவித்தோம். ஸ்டெஃபனி தன் கையாலேயே கண்களைப் பதித்தாள். மூடி ஆடியபோது ஐந்தாவது மாடியிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே படியேறி வந்தார். அவருக்கென்று அவித்த மீன் தயாராக இருந்தது.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, இழந்தவை இவை. காய்கறிக் கத்தி ஒன்று. குப்பை லாரியோடு போய்விட்டது. கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. ஒரு குழல் புட்டு. நெத்திலி ஒரு கைப்பிடி. பால் அரைப் பெட்டி. நல்லம்மாள் ஆன்ட்டியின் வெள்ளைத் துணி ஒன்று. அதில் பூனைநகம் கிழித்த கோடுகள் உள்ளன, புதியது வாங்கிக் கொடுத்துவிட்டோம். என் வெள்ளைச் சட்டை ஒன்று. அது இப்போதும் நீலம்தான். பழங்கள் பன்னிரண்டில் ஏழு பிறந்தநாளுக்கு முன்பே ஸ்டெஃபனியின் வயிற்றுக்குள் போய்விட்டன. ஆகவே புட்டுக்கு ஐந்து கண்களே இருந்தன.

துவானின் கண்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.